பிராக் நகரில் ஒரே ஒரு நாள்: ஏற டிராம், இறங்கக் கால்

செக் குடியரசின் தலைநகரான பிராக் நகருக்கு முதல் தடவை போனபோது எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். பத்தரை மணிக்கு நிதானமாகக் கிளம்பி, பழைய நகரச் சதுக்கத்துக் கடிகாரத்தின் அடியில் கூட்டத்தில் நசுங்கி, நட்டநடுப் பகலில் சார்லஸ் பாலத்தை ஊர்ந்து கடந்து, மூச்சுவாங்க மேடேறிக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. குளிர்காலம். நான்கு மணிக்குக் கட்டடங்களை மூடிவிட்டார்கள்.

அடுத்த தடவை வரிசையை மாற்றினேன். ஊரே வேறு ஊராகத் தெரிந்தது. வியன்னாவுக்கும் பெர்லினுக்கும் நடுவில் ரயிலை விட்டு இறங்கி ஒரு நாள் மட்டும் தங்குகிறவர்களுக்காக அந்த வரிசையை எழுதுகிறேன். இதில் எல்லா இடமும் வராது. ஒரு நாளில் எல்லாம் பார்க்கிறவர்கள் எதையும் பார்ப்பதில்லை என்பது என் கட்சி.

முந்தின நாளே முடிக்க வேண்டியவை

கிழமையைப் பாருங்கள். சனிக்கிழமை யூதர் குடியிருப்பின் ஜெப ஆலயங்களும் பழைய கல்லறைத் தோட்டமும் மூடியிருக்கும். ஞாயிறு காலை வழிபாடு நடப்பதால் கோட்டைக்குள் இருக்கும் பேராலயத்தில் மதியத்துக்கு மேல்தான் பார்வையாளர்களை விடுவார்கள். ஆகவே வேலை நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடும் அன்றைக்குத்தான் மலிவு, அதைப் பிறகு சொல்கிறேன்.

பணம். செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஷெங்கன் விசா போதும்; ஆனால் பணம் யூரோ இல்லை, கொருனா. பெரும்பாலான கடைகளில் கார்டே செல்லும். கழிப்பறைக்கும் சின்னக் கடைகளுக்கும் கொஞ்சம் சில்லறை வேண்டும். அதை வங்கியின் ஏடிஎம்மில் எடுங்கள். 'உங்கள் ஊர்ப் பணத்தில் கணக்கிடட்டுமா?' என்று திரை கேட்கும். வேண்டாம் என்று சொல்லி, கொருனாவிலேயே எடுங்கள். சரி என்று அழுத்தினால் அவர்கள் வைத்ததுதான் விலை.

தெருவோரப் பணமாற்றுக் கடைகளில் 'கமிஷன் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். நான் ஒரு கடையில் அதை நம்பி யூரோவை நீட்டினேன். பலகையில் பெரிதாக இருந்தது அவர்கள் விற்கும் விலை, எனக்குத் தரும் விலை கீழே பொடி எழுத்தில். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. அப்புறம்தான் தெரிந்தது: 2019 முதல் அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. ரசீதோடு மூன்று மணி நேரத்துக்குள் திரும்பிப் போனால், 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தர வேண்டும். மாட்டிக்கொண்டால் இதை நினைவில் வையுங்கள். ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள், நான் போட்டேன்.

டிக்கெட். 24 மணி நேர டிக்கெட் ஒன்று வாங்கினால் மெட்ரோ, டிராம், பேருந்து எல்லாவற்றுக்கும் அதுவே. காகித டிக்கெட்டை முதல் பயணத்தில் மஞ்சள் பெட்டிக்குள் ஒரு தடவை நுழைத்து எடுக்க வேண்டும், தேதியும் நேரமும் அச்சாகும். அச்சாகாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை. பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள், கையில் ஒரு சின்ன வில்லையைக் காட்டுவார்கள். 'ஊருக்குப் புதுசு' என்ற வாதம் எடுபடாது. அபராதம் ஆயிரம் கொருனாவுக்கு மேல். டிராமுக்குள் இருக்கும் இயந்திரத்தில் கார்டைத் தட்டி வாங்கும் டிக்கெட்டில் மட்டும் நேரம் ஏற்கெனவே பதிந்திருக்கும்.

கடைசியாகச் செருப்பு. பழைய நகரம் முழுக்கக் கருங்கல் பதித்த தெருக்கள். தட்டையான, அடி கெட்டியான ஷூ இல்லாமல் இந்தத் திட்டத்தைத் தொடங்கவே வேண்டாம்.

காலை ஆறரை: பாலம்

ஆமாம், ஆறரை. கோடையில் இன்னும் முன்னதாகவே போகலாம். பச்சை நிற 'ஏ' தடத்து மெட்ரோவில் ஸ்டாரோமீஸ்ட்ஸ்கா நிலையத்தில் இறங்கி, ஆற்றை வலப்பக்கம் வைத்துக்கொண்டு சில நிமிடம் நடந்தால் பாலத்தின் கோபுரம் வந்துவிடும். ஆற்றின் பெயர் வல்தவா.

பழைய நகரக் கரையிலிருந்து கோட்டையைப் பார்த்து நடப்பதில் ஒரு வசதி, சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் எழுகிறது. எதிரே மேட்டில் கோட்டை பொன்னிறமாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். அந்த நேரத்தில் பாலத்தில் இருப்பவர்கள் நாலைந்து புகைப்படக்காரர்களும், கல்யாண உடையில் நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு ஜோடியும்தான். பத்து மணிக்கு மேல் அதே இடத்தில் தோளோடு தோள் உரசாமல் ஓர் அடி வைக்க முடியாது.

நீளம் 500 மீட்டருக்குச் சற்று மேல், 16 வளைவுகள், இரு பக்கமும் 30 சிலைத் தொகுதிகள். நான்காம் சார்லஸ் மன்னர் 1357இல் அடிக்கல் நாட்டினார். அவருடைய சோதிடர்கள் குறித்துக் கொடுத்த முகூர்த்தம் ஜூலை 9, காலை 5.31 என்று கதை. ஆண்டு, தேதி, மாதம், மணி, நிமிடம் என்று எழுதிப் பாருங்கள்: 1-3-5-7-9-7-5-3-1. 1841 வரை ஊரின் இரு கரையையும் இணைத்த ஒரே பாலம் இதுதான்.

நடுவில், வலப்பக்கம், தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரங்களோடு நிற்பவர் நெபோமுக்கின் புனித ஜான். 1393இல் மன்னர் நான்காம் வென்செஸ்லாஸின் உத்தரவுப்படி இங்கிருந்து ஆற்றில் எறியப்பட்ட பாதிரியார். பாலத்தின் சிலைகளில் மிகப் பழையது இவருடையதுதான், 1683. மணற்கல் சிலைகள் பலவற்றை அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போய் நகல்களை வைத்திருக்கிறார்கள். அதனால் ஒவ்வொன்றாக நின்று படிக்க வேண்டியதில்லை.

நிற்க வேண்டிய இடம் வேறு. கோபுரத்தின் அடியில் நுழைந்து பாலத்துக்கு வந்ததும் திரும்பிப் பாருங்கள். ஊர்ப்பக்கச் சுவரில் மன்னர் சிலைகளும் சிற்ப வேலையும் நிறைந்திருக்கும். ஆற்றைப் பார்த்த பக்கம் மொட்டையாக இருக்கும். 1648இல் ஸ்வீடன் படை எதிர்க்கரையைப் பிடித்துக்கொண்டு பாலம் வழியாகப் பழைய நகரத்துக்குள் நுழையப் பார்த்தது. மாணவர்களும் ஊர்க்காரர்களும் இந்தக் கோபுரத்தில் நின்று தடுத்தார்கள். அந்தச் சண்டையில் போன அலங்காரம்தான் அது. கத்தோலிக்கர்களுக்கும் பிராட்டஸ்டண்டுகளுக்கும் இடையே மூண்ட முப்பதாண்டுப் போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்று. போர் தொடங்கியதும் இதே ஊரில்தான். அந்த இடத்தை இன்னும் இரண்டு மணி நேரத்தில் பார்க்கப் போகிறீர்கள்.

எட்டேகால்: மேடேற டிராம்

பாலத்தைத் தாண்டி நேரே நடந்தால் மாலோஸ்ட்ரான்ஸ்கே சதுக்கம். அங்கே ஒரு காப்பி குடித்துவிட்டு, 22ஆம் எண் டிராமில் ஏறுங்கள். நெற்றியில் 'பீலா ஹோரா' என்று போட்டிருக்க வேண்டும், எதிர்த்திசையில் போகிறதில் ஏறிவிடாதீர்கள். மூன்றாவது நிறுத்தம் 'ப்ராஜ்ஸ்கி ஹ்ராட்', அதாவது பிராக் கோட்டை.

எல்லாரும் செய்வது, எதிரே இருக்கும் படிகளில் ஏறுவது. முதுகு வியர்க்க மேலே போய்ச் சேரும்போதே பாதி ஆர்வம் தீர்ந்துவிடும். டிராமில் போனால் கோட்டையின் பின்பக்கமாக, பழைய அகழிப் பள்ளத்தின் மேல் சமதளத்தில் நடந்து நுழையலாம்.

ஒன்பது மணி: கோட்டை

வளாகத்துக்குள் நடக்கக் கட்டணம் இல்லை; சில நாட்களில் பையைச் சோதிப்பார்கள். கட்டடங்களுக்குள் போகத்தான் டிக்கெட். ஒன்பதுக்குத் திறக்கும்போதே முதல் ஆளாக நில்லுங்கள். முக்கியச் சுற்றுக்கான டிக்கெட்டில் பேராலயம், பழைய அரண்மனை, புனித ஜார்ஜ் தேவாலயம், பொற்சந்து நான்கும் அடங்கும். டிக்கெட் இரண்டு நாள் செல்லும், மறுநாளும் ஊரில் இருந்தால் மீதியை அப்போது பார்க்கலாம்.

முதலில் பேராலயம், வேறு எதற்கும் போகாதீர்கள். பத்து மணிக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும். புனித விட்டஸ் பேராலயத்தைக் கட்டத் தொடங்கியது 1344இல், முடித்தது 1929இல். நடுவில் போர்கள் வந்தன, பணம் தீர்ந்தது, நூற்றாண்டுக் கணக்கில் பாதிக் கட்டடமாகவே நின்றது. நீங்கள் நுழையும் மேற்கு வாசல்தான் புதியது. உள்ளே நடக்க நடக்கக் காலம் பின்னால் போகும். இடப்பக்கம் மூன்றாவது சன்னிதியில் செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் முக்கா வரைந்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. வைத்தது 1930களில், அழகு அவருடைய விளம்பர ஓவியங்களின் அழகு. வலப்பக்கம் தள்ளி, புனித வென்செஸ்லாஸ் சன்னிதி. உள்ளே விடமாட்டார்கள், வாசலில் நின்று எட்டிப் பார்க்க வேண்டும். நம் ஊர்க் கருவறை மாதிரிதான். சுவர் முழுக்க மெருகேற்றிய வண்ணக் கற்கள். மூலையில் ஒரு கதவு, அதற்குப் பின்னால் போகும் வழியில் செக் மன்னர்களின் மகுடம் இருக்கிறது. ஏழு பூட்டு, ஏழு சாவியும் குடியரசுத் தலைவர், பிரதமர், பேராயர் என்று ஏழு பேரிடம்.

அடுத்தது பழைய அரண்மனை. இங்கே பலர் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள், அவசரப்படாதீர்கள். விளாடிஸ்லாவ் மண்டபத்தில் தூணே கிடையாது. கூரையின் கல் விலாக்கள் கொடிபோலப் பின்னிக்கொண்டு போகும். மழைக்காலத்தில் வீரர்கள் குதிரையோடு உள்ளே வந்து ஈட்டிப் போட்டி நடத்தினார்கள். அதற்காகவே படிகள் தாழ்வாகவும் அகலமாகவும் இருக்கின்றன, இறங்கும்போது கவனியுங்கள்.

மண்டபத்தின் பக்கத்தில் ஒரு சின்ன அறை. இந்த ஊருக்கு வந்ததற்கு நான் பார்க்கச் சொல்லும் ஒரே இடம் எது என்று கேட்டால், பேராலயம் அல்ல, இந்த அறைதான். 1618 மே 23 அன்று பிராட்டஸ்டண்ட் பிரபுக்கள் இங்கே நுழைந்து, பேரரசரின் கத்தோலிக்க ஆளுநர்கள் இரண்டு பேரையும் ஒரு எழுத்தரையும் ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே போட்டார்கள். பதினைந்து மீட்டருக்கு மேல் உயரம். மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள். தேவதைகள் தாங்கின என்றார்கள் கத்தோலிக்கர்கள். கீழே குப்பைமேடு இருந்தது என்றார்கள் எதிர்க்கட்சி. எழுத்தருக்குப் பிறகு பேரரசர் பிரபுப் பட்டம் கொடுத்தார், 'உயரத்திலிருந்து விழுந்தவர்' என்று பொருள்படும் பெயரோடு. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் மத்திய ஐரோப்பாவை 1648 வரை எரித்த முப்பதாண்டுப் போர் இந்த ஜன்னலில்தான் தொடங்கியது. ஜன்னல் அருகே நின்று கீழே எட்டிப் பாருங்கள்.

பொற்சந்து குட்டி வீடுகள் வரிசையாக நிற்கும் சந்து. 22ஆம் எண் வீட்டில் எழுத்தாளர் காஃப்கா 1916-17இல் சில மாதங்கள் எழுதிக்கொண்டிருந்தார், இப்போது கடை. கூட்டம் அதிகமாக இருந்தால் தயங்காமல் விட்டுவிடலாம்.

பன்னிரண்டு மணிக்கு முதல் முற்றத்தின் வாசலில் காவலர் மாற்றம் எக்காள இசையோடு நடக்கும். பார்க்க வேண்டுமானால் கால் மணி முன்னதாகப் போய் நில்லுங்கள். வெளியே வருவதற்கும் அதுவே வழி.

இறங்கும் வழி, சாப்பாடு

இப்போதுதான் காலுக்கு வேலை. வாசலிலிருந்து இறங்கினால் நெருடோவா தெரு. வீட்டு வாசல்களின் மேலே பாருங்கள்: மூன்று வயலின், இரண்டு சூரியன் என்று சின்னங்கள் இருக்கும். 1770இல் கதவு எண் வருவதற்கு முன் இவைதான் விலாசம். இரண்டு சூரியன் வீட்டில் வாழ்ந்த எழுத்தாளர் யான் நெருடாவின் பெயர்தான் தெருவுக்கு. சிலியின் பாப்லோ நெருதா தன் புனைபெயரை இவரிடமிருந்து எடுத்தார் என்று பரவலாகச் சொல்வார்கள். எண்ணைப் பற்றி இன்னொன்று. ஒவ்வொரு வீட்டிலும் சிவப்பு, நீலம் என்று இரண்டு எண் பலகை இருக்கும். தெருப் பெயரோடு தேடும்போது நீலத்தைப் பாருங்கள். சிவப்பை நம்பி நான் ஓட்டல் தேடி அரை மணி அலைந்திருக்கிறேன்.

வேலை நாட்களில் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை 'பொலெட்னி மெனு' என்ற மதியப் பட்டியல் போடுவார்கள், உள்ளூர் அலுவலகக்காரர்கள் சாப்பிடுவது அதைத்தான். கோட்டை வாசலை ஒட்டிய கடைகளைத் தவிர்த்து இரண்டு தெரு தள்ளிப் போங்கள். அசைவர்களுக்குக் கவலை இல்லை: ஸ்விச்கோவா என்ற மாட்டிறைச்சிக் குழம்பு, அதோடு ஆவியில் வெந்த மாவு உருண்டைகளை நறுக்கிய துண்டுகள்.

சைவர்கள் 'பெஸ் மாசா', இறைச்சி இல்லாமல், என்ற இரண்டு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பொரித்த பாலாடைக்கட்டி எங்கும் கிடைக்கும். உருளைக்கிழங்கு அடை ஒன்று உண்டு, பூண்டு வாசனையோடு, நமக்குப் பிடிக்கும். பழம் வைத்த கொழுக்கட்டையைக்கூட முழுச் சாப்பாடாகவே சாப்பிடுவார்கள். சூப்பை மட்டும் கேட்டுவிட்டு வாங்குங்கள், காய்கறி சூப்பின் அடியில் எலும்புச் சாறு இருக்கலாம். மேசையில் கேட்காமல் வைக்கும் ரொட்டிக்குக் கணக்கு வரக்கூடும். இன்னொரு வேடிக்கை, செக் மொழியில் 'ஆனோ' என்றால் ஆம். வேகமாகப் பேசும்போது அது 'நோ' என்று காதில் விழும்; பரிமாறுபவர் மறுக்கிறார் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

கோலில் சுற்றிச் சுடும் டிர்டெல்னிக் என்ற இனிப்பு எல்லா மூலையிலும் வாசனை வீசும், 'பழைய பொஹீமிய மரபு' என்று பலகை வேறு (பொஹீமியா என்பது இந்தப் பகுதியின் பழைய பெயர்). பிராக் மரபெல்லாம் இல்லை, சுற்றுலாவோடு வந்தது. ஆசைக்கு ஒன்று சாப்பிடலாம்.

இரண்டு மணி: யோசெஃபோவ்

பாலத்தை மறுபடி கடக்க வேண்டாம். மாலோஸ்ட்ரான்ஸ்கா நிலையத்தில் மெட்ரோ ஏறினால் ஆற்றுக்கு அடியில் ஒரே நிறுத்தம், ஸ்டாரோமீஸ்ட்ஸ்கா. பழைய யூதர் குடியிருப்பான யோசெஃபோவ் அங்கிருந்து சில அடி.

பிங்காஸ் ஜெப ஆலயத்தில் தொடங்குங்கள். உள்ளே பொருள் எதுவும் இல்லை, பெயர்கள்தான். நாஜிகள் கொன்ற பொஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறக்குறைய 80,000 பேரின் பெயர்கள், ஊர்வாரியாக, சுவர் முழுக்கக் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் அழிந்துபோனதை 1990களில் திரும்ப எழுதினார்கள். மாடியில் நாஜிகளின் தெரசின் முகாமில் குழந்தைகள் வரைந்த படங்கள். போட்டோ எடுக்கத் தோன்றாது.

அதிலிருந்து பழைய கல்லறைத் தோட்டம். இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்றாக மண் கொட்டிப் புதைத்ததில் ஏறக்குறைய 12,000 கற்கள் சாய்ந்தும் முட்டிக்கொண்டும் நிற்கின்றன. களிமண்ணில் கோலெம் என்ற பூதத்தைச் செய்தார் என்று கதை சொல்லப்படும் யூத மதகுரு ரபி லோவ் (மறைவு 1609) இங்கேதான் இருக்கிறார். கால் வலித்தால் மற்ற ஆலயங்களை விடலாம், 1270 வாக்கில் கட்டிய பழைய-புதிய ஜெப ஆலயத்தைத் தவிர. இன்றும் வழிபாடு நடக்கிறது. ஆண்கள் தலையை மூடிக்கொண்டு போக வேண்டும்.

நான்கரை: சதுக்கமும் கடிகாரமும்

பழைய நகரச் சதுக்கத்தில் முதலில் தரையைப் பாருங்கள். நகர மண்டபத்துச் சுவரை ஒட்டிக் கருங்கல்லுக்கு நடுவே 27 வெள்ளைச் சிலுவைகள். காலையில் பார்த்த ஜன்னலின் மிச்சக் கதை இது. 1620இல், ஊருக்கு வெளியே ஒரு குன்றில் பிராட்டஸ்டண்ட் படை தோற்றது. குன்றின் பெயர் பீலா ஹோரா, வெள்ளை மலை. ஆமாம், நீங்கள் ஏறிய டிராம் போய் நிற்கும் இடம். 1621 ஜூன் 21 அன்று கிளர்ச்சித் தலைவர்கள் 27 பேர் இந்தச் சதுக்கத்தில் கொல்லப்பட்டார்கள். பன்னிரண்டு பேர் தலைகளை இரும்புக் கூடையில் போட்டுப் பாலத்துக் கோபுரத்தில் பத்தாண்டுகள் தொங்கவிட்டார்கள். காலை ஆறரைக்கு நீங்கள் நின்றது அதன் அடியில்.

அவர்களில் ஒருவர் மருத்துவர் யெசெனியஸ், பல்கலைக்கழகத் தலைவர். எதிரே இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் டீன் தேவாலயத்தில் வானியலாளர் டைக்கோ பிராகியின் சமாதி இருக்கிறது. 1601இல் அவருக்கு அங்கே இரங்கல் உரை ஆற்றியவர் இதே யெசெனியஸ்தான். இருபது ஆண்டு கழித்து, அதே சதுக்கத்தில், முதலில் அவருடைய நாக்கை அறுத்தார்கள்.

கடிகாரத்தின் பொம்மை ஆட்டம் காலை 9 முதல் இரவு 11 வரை மணிக்கு ஒரு தடவை. எலும்புக்கூடு மணியடிக்கும், ஜன்னலில் இயேசுவின் சீடர்கள் வரிசையாகப் போவார்கள், சேவல் கூவும், முடிந்தது. ஒரு நிமிடம்கூட இல்லை. பலர் 'இவ்வளவுதானா' என்பார்கள். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், எல்லாரும் அண்ணாந்து பார்க்கும் நேரம் ஜேப்படிக்காரர்களுக்கு வசதி.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்ததும் நெருங்கிப் போய் முகப்பைப் பாருங்கள், 1410இல் செய்தது. நடுவில் பூமி, சூரியனும் சந்திரனும் ராசி மண்டலமும் அதைச் சுற்றுகின்றன. வெளி வளையத்தில் பழைய பாணி எண்கள் 24 வரை. அவை சூரியன் மறைந்ததிலிருந்து எண்ணும் பழைய செக் மணி. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் கணக்கின் மறுமுனை. தினமும் அஸ்தமன நேரம் மாறுவதால் அந்த வளையமும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

நேரம் இருந்தால் தெற்கே சில நிமிடம் நடந்து கரோலினம் கட்டடத்தை வெளியிலிருந்து பார்க்கலாம். 1348இல் நிறுவிய சார்லஸ் பல்கலைக்கழகத்தின் பழைய இருப்பிடம். தமிழறிஞர் கமில் சுவெலபில் (1927–2009) படித்த பல்கலைக்கழகம் இது, பிராக்கில் பிறந்தவர். 1968இல் சோவியத் டாங்கிகள் நுழைந்த பிறகு நாட்டை விட்டுப் போய், பின்னாளில் நெதர்லாந்தில் பேராசிரியராக இருந்தார். பலகை எதுவும் தேடாதீர்கள். எனக்கு அந்தத் தெருவில் சும்மா நடக்கப் பிடித்திருந்தது.

சாயங்காலம்: லெட்னா

கோடையில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். அதற்கேற்ப இந்தக் கடைசிக் கட்டத்தை முன்னே பின்னே தள்ளிக்கொள்ளுங்கள். குளிர்காலமானால் கரோலினத்தை விட்டுவிட்டு முதலில் இங்கே வாருங்கள்.

சதுக்கத்திலிருந்து பாரிஸ்ஸ்கா தெரு வழியே நேரே நடந்தால் ஆறு, ஒரு பாலம், எதிரே மேட்டுக்குப் போகும் படிகள். இதற்கு மட்டும் டிராம் உதவாது, ஏறித்தான் ஆக வேண்டும். மேலே பிரம்மாண்டமான ஒரு மேடையில் மெட்ரோனோம் என்ற தாளம் காட்டும் கருவியின் ராட்சத வடிவம் ஒன்று ஊசியை ஆட்டிக்கொண்டு நிற்கும். அந்த மேடையில் 1955 முதல் ஸ்டாலின் சிலை இருந்தது. 1962இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இப்போது விளிம்பில் இளைஞர்கள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள், மேடைக் கல்லில் ஸ்கேட்போர்டு சத்தம். நீங்களும் உட்காருங்கள். கீழே வல்தவாவின் பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். காலையில் நடந்தது எது என்று தேடிக் கண்டுபிடிக்கலாம்.

திரும்ப அவசரம் வேண்டாம். மெட்ரோ நள்ளிரவு வரை ஓடும். அதற்குப் பிறகு 90களில் எண் போட்ட இரவு டிராம்கள் லாசார்ஸ்கா நிறுத்தத்தில் சந்தித்துக்கொள்ளும், அங்கே மாறினால் எந்தப் பக்கமும் போகலாம். காலை ஆறரைக்கு அச்சுக் குத்திய டிக்கெட் மறுநாள் ஆறரை வரை செல்லும்.